வாயை முகர்ந்தவர்

பொன்னேரி ஆஸ்பத்திரியில் மூளைக்கு ஷாக் வைக்கும் அறை வாசலில் ஒரு வார்டுபாய் நிற்பார். வலது ஆள்காட்டி விரலுக்கு நுனி இல்லை. உள்ளே போகும் ஒவ்வொருவர் வாயையும் திறந்து முகர்ந்து பார்ப்பார்.

எண்பதுகளில், கத்தியோடு வீட்டாரைத் துரத்திய என் அண்ணனைக் கோட்டைக்குப்பத்திலிருந்து வலைக்கயிற்றால் கட்டிக் கொண்டுபோனோம். பசியோடு அனுப்ப மனமில்லாமல் அம்மா ஊட்டியிருந்தாள். திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து, வெறும் வயிறுதான் என்று சொன்னேன். முகர்ந்தவர், நுனியில்லாத விரலுள்ள அந்தக் கையாலேயே என் கன்னத்தில் ஓங்கி அறைந்தார்.

“மீன்கொழம்பு நாறுது. கரண்டு வெச்சா வாந்தி மூச்சுல பூந்து செத்துடுவான். கொல்றதுக்கா இட்டாந்தே?”

மறுநாள் பட்டினியோடு படுக்கவைத்தோம். கால்களை நான் அமுக்கிக்கொண்டேன். கரண்டு பாயும் நேரத்தில் பல்லிடுக்கில் வைத்த ரப்பர் நழுவ, அவர் தன் கையையே வாய்க்குள் திணித்தார். அண்ணன் வாயெல்லாம் ரத்தம்.

“ஐயோ, நாக்கு போச்சே!” என்று கத்தினேன்.

“நாக்கு பத்திரமா கீதுடா,” என்றார், கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தபடி.

அந்த நாக்கால்தான் அண்ணன் இன்றும் என்னைத் திட்டுகிறான். அன்று கடிபட்டது எந்த விரல் என்று கேட்காமலே வந்துவிட்டேன்.