பதினோராம் ரீல்

எஸ்தரக்காவின் மகள் கிரேஸ் போன் செய்தபோது நான் பல் டாக்டரின் நாற்காலியில் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தேன். எடுக்க முடியவில்லை. வெளியே வந்து நானே கூப்பிட்டேன். "மாமா, அம்மா காலைல தவறிட்டாவ. காப்பி கேட்டாவ. நான் ஆத்திக்கொண்டு வாரதுக்குள்ள போயிட்டாவ" என்றாள். பாதி மரத்துப்போன வாயால் நான் என்ன சொன்னேனோ தெரியாது. எஸ்தரக்கா என்று மட்டும் சொல்லியிருப்பேன். கீழே இருந்த மருந்துக்கடைக்காரர் ஒரு ஸ்டூலை எடுத்துப் போட்டார். அதில் உட்கார்ந்து அழுதேன். பல்வலி என்று நினைத்து அவர் ஒன்றும் கேட்கவில்லை.

எஸ்தரக்கா ராஜபாளையம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவர். நான் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டில் தட்டச்சர். எண்பதுகளின் நடுவில் தொடங்கிப் பத்துப் பன்னிரண்டு வருஷம் நாங்கள் ஏழு பேர் சேர்ந்து ஒரு திரை விமர்சகர் வட்டம் நடத்தினோம். ராஜபாளையத்தில் நான்கு பேர், ஸ்ரீவில்லிபுத்தூரில் மூன்று பேர். மாதம் ஒரு துண்டிதழ் போடுவோம். நான் தட்டச்சில் மெழுகுத்தாள் ஸ்டென்சில் வெட்டுவேன், அக்கா அதன்மேல் மை உருட்டிப் பிரதி எடுப்பார். பொங்கல் கழித்து வரும் ஞாயிற்றுக்கிழமை சிறந்த படம், நடிகர், துணை நடிகை என்று விருது கொடுப்போம். எங்களை விமர்சகராக்கியது யார் என்று கேட்டால் பதில் கிடையாது. நாங்களே ஆகிக்கொண்டோம். மில்லில் நூல் சுற்றிக் கழித்துப்போட்ட மரப் பாபினை எங்கள் வட்டத்துப் பிச்சையா இழைத்து, வார்னிஷ் அடித்து, ஒரு பீடத்தில் நிறுத்துவார். மில்லில் ஃபிட்டர் அவர். அதுதான் விருது. பார்சலில் சென்னைக்கு அனுப்புவோம். ஒரு ஆள் பதில் போட்டதில்லை.

அக்கா போட்ட முதல் சட்டம், படத்தைச் சென்சார் சர்டிபிகேட்டிலிருந்து பார்த்தால்தான் ஓட்டு என்பது. ஒருமுறை நான் வந்த பஸ் வன்னியம்பட்டி விலக்கில் பஞ்சராகி நின்றுவிட்டது. வேறு பஸ் பிடித்து ராஜபாளையத்தில் இறங்கி, ஓட்டமாக ஓடித் தியேட்டருக்குள் நுழைந்தால் எழுத்து ஓடிக்கொண்டிருந்தது. படம் விட்டதும் பெண்கள் பக்கத்துக் கதவருகே அக்கா நின்றிருந்தார்.

"சர்டிபிகேட்டுல எத்தன ரீலுன்னு போட்டிருந்துது தம்பி?"

நான் டிக்கெட்டை எடுத்து நீட்டினேன்.

"அப்ப இந்தப் படத்துக்கு ஒங்களுக்கு ஓட்டு இல்ல."

"அக்கா, அஞ்சு நிமிசந்தான்."

"அஞ்சு நிமிசத்துல கதையில ஒரு ஆள் செத்துப்போவான். திட்டுததா இருந்தாலும் முழுசாப் பாத்துட்டுத் திட்டணும். பாதி பாத்துட்டுத் திட்டுனா அதுக்குப் பேரு பொறணி."

எனக்கு அன்று வந்த கோபத்துக்கு அளவில்லை. வேகாத வெயிலில் ஓடி வந்தவனை ஒரு வாய் தண்ணீர் குடித்தாயா என்று கேட்கவில்லையே என்று பத்து நாள் பேசாமல் இருந்தேன். பதினோராம் நாள் கோர்ட்டுக்கு போன் செய்து, "கோவம் தீந்துட்டா? ஸ்டென்சில் காஞ்சுபோவுது" என்றார்.

திட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஒரு பெரிய நடிகரின் படத்துக்கு அவர் எழுதியது மொத்தமே இரண்டு வரி. 'நாயகனுக்கு மூன்று வேடம். மூன்றிலும் வேர்க்கிறது.' ரசிகர் மன்றத்துப் பையன்கள் கூட்டமாகத் தொலைபேசி நிலையத்துக்குப் போய்விட்டார்கள். அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலேயே, "டிரங்க் கால் புக் பண்ணணுமா? இல்லேன்னா செத்த தள்ளி நில்லுங்க, ஆள் நிக்காவ" என்றாராம். அவர்களும் தள்ளி நின்று, பிறகு போய்விட்டார்கள். அவர் பாராட்டி எழுதினால் அந்தப் படத்துக்கு மில் பெண்கள் சேர்ந்தாற்போல் வாராந்தர விடுமுறையில் போவார்கள். அவர்கள் இவரை நம்பினார்கள். அது சும்மா வந்ததில்லை. ஒரு படத்தையும் அவர் பார்த்துக்கொண்டே தூங்கியதில்லை, பாட்டுக்கு எழுந்து வெளியே போனதில்லை. 'படம் பாக்குறது பாதி வேல, கூடப் பாக்குறவியளப் பாக்குறது மீதி வேல' என்பார்.

அவர் போட்ட இரண்டாவது சட்டம்தான் எங்களைக் கவிழ்த்தது. ஓட்டுக் கூட்டத்தில் யாரும் கதை சொல்லக் கூடாது. எங்கள் ஆட்கள் ஒவ்வொருவரும் கதையை ஆரம்பித்தால் மாவாட்டி முடிக்கிற நேரம் சொல்வார்கள். "கதை எல்லாரும் பாத்ததுதான. நடிப்பப் பத்திப் பேசுங்க" என்று நிறுத்திவிடுவார். நல்ல சட்டம் என்றுதான் அப்போது நினைத்தோம்.

எண்பதுகள் முடியப்போகும் ஒரு வருஷம். ஒரு படம் வந்தது. பெயர் வேண்டாம். அதில் நாயகனின் அக்காவாக ஒரு நடிகை வந்தார். எனக்கு அவர் நடிப்பு அவ்வளவு பிடித்துவிட்டது. எஸ்தரக்காவோ துண்டிதழில், 'இந்த அம்மாள் கடைசிக் காட்சியில் தம்பியை ஏன் முறைக்கிறார் என்பது அவருக்கே தெரியவில்லை' என்று எழுதினார். டீக்கடை வரைக்கும் அந்த வரி ஓடியது. ஓட்டுக் கூட்டத்தில் நானும் அக்காவும் இரண்டு மணி நேரம் சண்டை போட்டோம். "அவுக கையப் பாத்தியளா அக்கா? கல்லச் சுத்துற கை எப்படி நின்னுது?" என்று கத்தினேன். "நல்லாத்தான் சுத்துனாவ. மாவாட்டுறதுக்கு விருதா குடுக்க முடியும்?" என்று திருப்பிக் கத்தினார். ராஜபாளையம் நான்கு ஓட்டு ஒரு பக்கம், ஸ்ரீவில்லிபுத்தூர் மூன்று ஓட்டு ஒரு பக்கம். துணை நடிகை விருது வேறொருவருக்குப் போயிற்று. ஊர்ப் பற்றில்தான் இப்படிப் பிரிந்து நிற்கிறார்கள் என்று பிச்சையா சிரித்தார்.

முடிவை எழுதிப் போட்டதும் விருது பெற்ற நடிகையிடமிருந்து கடிதம் வந்தது. எங்கள் சரித்திரத்தில் முதல் கடிதம். குற்றாலத்தில் படப்பிடிப்பில் இருப்பதாகவும் ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து வாங்கிக்கொள்வதாகவும் எழுதியிருந்தார். தலைகால் புரியவில்லை எங்களுக்கு. டுடோரியல் காலேஜ் ஹாலைப் பிடித்தோம், பந்திக்குச் சொன்னோம். மேடையில் சான்றிதழ் வாசித்துக் கொடுக்க வேண்டியவன் நான். புதுச்சட்டை தைத்தேன். மாமனார் வீட்டில் எல்லோரையும் வரச்சொல்லியிருந்தேன்.

விழாவுக்கு முந்தின வியாழக்கிழமை காலை எஸ்தரக்கா லீவு போட்டுவிட்டுக் கோர்ட் வாசலில் வந்து நின்றார்.  முந்தின நாள், தன்னோடு வேலை பார்ப்பவரின் புதுவீட்டுப் பால்காய்ச்சுக்குத் தளவாய்புரம் போனவர், அங்கே கொட்டகையில் அதே படம் ஓடுவதைப் பார்த்து மாலை ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்.

"நான் பாக்காத ஒரு ரீல் அதுல இருக்கு தம்பி."

விஷயம் இதுதான். இரண்டு ஊர்த் தியேட்டருக்கும் ஒரே பெட்டிதான் வந்திருக்கிறது. இங்கே ஓடி முடிந்த ரீலை மோட்டார் சைக்கிளில் அங்கே கொண்டுபோவார்கள். நேரம் இழுத்ததால் ராஜபாளையத்தில் பதினோராம் ரீலை எடுத்து வைத்துவிட்டு ஓட்டியிருக்கிறார்கள். அந்த ரீலில்தான் படத்தில் வரும் அக்கா மாவாட்டிக்கொண்டிருக்கும்போது, தன் பெயரிலிருந்த வீட்டைத் தம்பி விற்றுவிட்டான் என்பது அடுத்த அறைப் பேச்சிலிருந்து அவர் காதில் விழுகிறது. கை நிற்கிறது. பிறகு மறுபடி சுற்றுகிறது. முன்னால் ஒரு காட்சியிலும் அவர் மாவாட்டுவார், சிரித்துக்கொண்டு. நான் ஒன்றைச் சொல்ல, அக்கா இன்னொன்றை நினைத்துக்கொண்டு பதில் சொன்னார். கதை சொல்லக் கூடாது என்ற சட்டம் இல்லாதிருந்தால் இரண்டாவது நிமிஷத்தில் குட்டு உடைந்திருக்கும்.

"நாந்தான் போட்டேன் அந்தச் சட்டத்த" என்றார். கோர்ட் வாசல் வேப்பமரத்தடியில் நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

அன்று மாலையே ஏழு பேரும் கூடினோம். யாருக்கும் வெளியே சொல்ல இஷ்டமில்லை. "மூணு நாள்ல விழா. அந்தம்மா வரட்டும், போவட்டும். பொறவு துண்டிதழ்ல சின்னதாப் போட்டுக்கிடலாம்" என்றார் பிச்சையா. நானும் தலையாட்டினேன். யாருக்கும் தெரியப்போவதில்லை என்பது உண்மைதான். தளவாய்புரம் போகாமலிருந்தால் அவருக்கே தெரிந்திருக்காது.

"ஒருத்தர நான் பாக்காமலே தோக்கடிச்சிருக்கேன்" என்றார் அக்கா. "ஊர் முழுக்கச் சிரிச்சுது அவியளப் பாத்து. ஊருக்கு முன்னாலதான் திருத்தணும். குடுத்தத நான் திரும்பக் கேக்கல. இன்னொரு பாபின் செய்யுங்க பிச்சையாண்ணே."

திருத்தத்தை எழுதி என்னிடம் கொடுத்தார். நான் ஸ்டென்சில் வெட்டினேன். அரைப் பக்கத்தில் ஏழெட்டுப் பிழை. அக்கா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "ஒங்களுக்கு இம்புட்டுத் தப்பு வராதே" என்றார். என்னை ஒரு பார்வை பார்த்தார். அவ்வளவுதான். தானே உட்கார்ந்து திருத்தும் மையைத் தடவிச் சரிசெய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஹால் நிரம்பி வெளியே ஜன்னலில் ஆள் தொங்கியது. நடிகை வந்தார். நான் சான்றிதழ் வாசித்தேன். பாபினைக் கொடுத்தோம். கைதட்டல் அடங்குவதற்குள் அக்கா மைக்குக்கு வந்தார். டிரங்க் காலுக்குப் பேசுகிற அதே குரலில், எழுதியதை வாசித்தார். தான் ஒரு ரீலைப் பார்க்காமல் ஓட்டுப் போட்டதையும், ஒரு நல்ல நடிகையைக் கேலி செய்து எழுதியதையும், அது பொய் என்பதையும் சொன்னார். இந்த வருஷம் தனக்கு ஓட்டு இல்லை என்று தனக்கே தண்டனையும் போட்டுக்கொண்டார். 

நடிகை கையிலிருந்த பாபினைக் காட்டி, "அப்ப இது யாருதுங்க?" என்று கேட்டார்.

"ஒங்களுதுதாம்மா. நீங்க நல்லா நடிச்சிருக்கிய. அவியளுக்கு வேற செய்யச் சொல்லியிருக்கேன்."

நடிகை சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஒன்றுமில்லை. பாபினை எடுத்துக்கொண்டு, போட்ட இலையில் உட்காராமல் காரில் ஏறிப் போய்விட்டார். அதற்குப் பிறகு எங்கள் ஊருக்கு எந்தச் சினிமாக்காரரும் வரவில்லை. வட்டத்தில் ஒருவர் விலகினார். என் மாமனார் வீட்டில் இன்றுவரை அதைச் சொல்லிச் சிரிக்கிறார்கள். மானத்தை வாங்கிவிட்டாள் என்று அக்காவைப் பேசாத ஆளில்லை.  அவர் இரண்டாவது பாபினை, தான் கேலி செய்து எழுதிய நடிகைக்கு அனுப்பினார். முகவரியில் ஆளில்லை என்று திரும்பி வந்தது. விசாரித்து மறுபடி அனுப்பினார். மறுபடி வந்தது. மூன்றாவது தடவை வரவில்லை. "திரும்பி வரலேல்லா, போய்ச் சேந்துட்டுன்னு அர்த்தம்" என்றார். பதிலும் வரவில்லை. அவர் எதிர்பார்க்கவும் இல்லை.

விழாவுக்கு மறு வாரத்திலிருந்து அக்காவுக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. ஒவ்வொரு ரீல் முடியும்போதும் திரையின் மேல் மூலையில் ஒரு புள்ளி மின்னி மறையும். படம் ஓட்டுபவருக்கு அடுத்த ரீலை மாற்ற அது அடையாளம். அக்கா கைப்பையில் பதினைந்து இருபது புளியங்கொட்டை வைத்துக்கொண்டு, புள்ளி மின்னும்போதெல்லாம் ஒன்றை மடிக்கு மாற்றுவார். அழுகைக் காட்சியானாலும் மாற்றுவார். படம் விட்டதும் எண்ணிப் பார்ப்பார். குறைந்தால் நேராகக் கேபின் படி ஏறிப்போய், "எங்க அண்ணாச்சி ஒண்ணு?" என்று கேட்பார். விமர்சனத்தின் அடியில் ஒரு வரி தவறாமல் இருக்கும். எந்த ஊர், எந்த ஆட்டம், எத்தனை ரீலுக்கு எத்தனை ரீல். தொண்ணூறுகளின் நடுவில் துண்டிதழ் நிற்கும்வரை அந்த வரி நின்றதில்லை. படித்தவர்கள் கிண்டல் செய்தார்கள். தமிழ்நாட்டில் வேறு எந்த விமர்சகர் அப்படி எழுதினார் என்று நான் இப்போது கேட்கிறேன்.

அடக்கத்துக்குப் போயிருந்தேன். பிச்சையா தள்ளாத வயதில் வந்திருந்தார். எல்லோரும் அக்காவின் நேர்மையைச் சொன்னார்கள். என்னையும் பேசச் சொன்னார்கள். தொண்டை அடைத்தது போலக் கையைக் காட்டிவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தொண்டை அடைக்கவில்லை. பேச வேண்டியதை அங்கே பேச எனக்குத் தைரியமில்லை. இதுவரை படித்து அக்காவைத் தெரிந்துகொண்ட உங்களுக்கு அதை இங்கே சொல்கிறேன்.

அந்தப் பதினோராம் ரீல் விஷயம் எனக்கு முன்பே தெரியும். நடிகையின் கடிதம் வந்த மறுநாள், ரீல் பெட்டி கொண்டுபோகும் செல்லப்பாண்டி ஒரு பிரமாணப் பத்திரம் அடிக்கக் கோர்ட்டுக்கு வந்தான். பேச்சுவாக்கில் அந்தப் படத்தைச் சொல்லி, "நம்ம ஊர்ல பதினஞ்சும் ஓடிச்சு அண்ணாச்சி. அங்கதான் பதினொண்ண எடுத்து வச்சிட்டாவ" என்றான். எனக்கு உடனே புரிந்துவிட்டது. என் கட்சிதான் நியாயம் என்பதும் புரிந்தது. ஆனால் சொன்னால் விழா நின்றுபோகும். மேடை போகும், சட்டை போகும். இரண்டு வாரம் வாயை மூடிக்கொண்டிருந்தேன். வேப்பமரத்தடியில் அக்கா அழுதபோது, அப்போதுதான் கேட்பவன்போல, "அப்படியாக்கா?" என்றேன். மூன்று நாள் கழித்து ஊர்ப் பேச்சு முழுவதையும் அவர் ஒருத்தியாக வாங்கிக்கொண்டார். அதற்கப்புறம் முப்பது வருஷத்துக்கு மேல் அவர் வீட்டில் காப்பி குடித்தேன். சொல்லவில்லை. அந்த ஸ்டென்சிலைப் பார்த்தபோதே அவருக்குத் தெரிந்திருக்குமோ என்னவோ. கேட்கவும் எனக்கு நா எழவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது விமர்சனத்தின் அடியில் அவர் போட்ட அந்த ஒரு வரி மட்டும்தான். அதைப் போடும் யோக்கியதை இன்றைக்குத்தான் எனக்கு வந்திருக்கிறது.

பார்த்தது ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும். பதினைந்து ரீலுக்குப் பதினைந்து ரீல், அக்கா.