படித்துறையில் சாத்திய துப்பாக்கி

எங்கள் ஊரில் லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருந்தவர் பண்ணையார் ஒருவர்தான். பெருத்த வயிறு, குச்சிக் கால். தாமிரபரணியில் குளிக்க வந்தாலும் துப்பாக்கியோடுதான் வருவார். எல்லோர் கண்ணிலும் படும்படி படித்துறையில் சாத்திவைப்பார். ஒரு காக்காயைக்கூடச் சுட்டதில்லை.

என் கிழங்குத் தோட்டத்தைக் காட்டுப்பன்றிகள் இரண்டு வருடமாக அழித்தன. எனக்கு லைசென்ஸ் தரவில்லை. சட்டத்தைத் தளர்த்தும்படி கலெக்டருக்கு மனு எழுதி, படித்துறையில் வைத்துப் பண்ணையாரிடம் கையெழுத்துக் கேட்டேன்.

"எல்லாரு தோள்லயும் துப்பாக்கி தொங்குனா என்னைய எவம்லே திரும்பிப் பாப்பான்?" என்றார்.

"பன்னி தின்னது போக மிச்சத்த வந்து பாரும்வே!"

"வேலியப் போடுலே," என்று சொல்லிவிட்டு ஆற்றில் முங்கினார்.

அந்த நேரத்தில் துப்பாக்கியை எடுத்து என் தோளில் மாட்டிப் பார்த்தேன். துவைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். அவர் ஏன் கையெழுத்துப் போடவில்லை என்பது அப்போதே புரிந்துவிட்டது. அதனால்தான் அந்த ஆளை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.