விரல் இறங்கும் நொடி

அளவெடுக்கும் முன் ஸ்பீக்கர்காரர் முதலில் ஃபிரிட்ஜை அணைப்பார். பிறகு மின்விசிறியை. சுவர்க்கடிகாரத்தின் பேட்டரியையும் கழற்றி வைப்பார். எதிர்வீட்டுக்காரனான நான் சோபாவில் அசையாமல் இருக்க வேண்டும். “சார், இன்னும் இருபது நொடிக்கு நீங்க ஒரு தலையணை,” என்பார்.

“பால் திரிஞ்சா உங்க மைக்கையா காய்ச்சிக் குடிக்கிறது?” என்பது அவர் மனைவியின் வழக்கமான கேள்வி.

ஒலியைச் சோதிக்கும் தனி அறைக்கு அவருக்கு வழியில்லை. கூடத்தின் நடுவே மேசை, அதன்மேல் முக்காலி, அதன்மேல் ஸ்பீக்கர். சுவரோரம் மெத்தைகள். மைக் சரியாக ஒரு மீட்டர் தள்ளி. நூல் பிடித்து மூன்று முறை அளப்பார். நகர்ந்திருக்காது என்று தெரிந்தும் நான்காம் முறை அளப்பார்.

பொத்தானைத் தட்டினால் உறுமலாகத் தொடங்கும் ஒலி, இருபது நொடியில் கீச்சென்று உச்சிக்கு ஏறி முடியும். மைக் பிடித்த ஒலியின் அளவைக் காட்டி, கணினித் திரையில் ஒரு கோடு விழும். கோட்டை மட்டும் அவர் நம்புவதில்லை. ஒலி காதில் விழும்வரை கணவனும் மனைவியும் ஆள்காட்டி விரலை உயர்த்தியிருப்பார்கள்; கேட்காமல் போனதும் இறக்குவார்கள். விரல் இறங்கும் நொடியைக் குறிப்பது என் வேலை.

சென்ற மாதம் நான்காம் தேதி மனைவியின் விரல் பதினெட்டரை நொடியில் இறங்கியது. அவருடையது பதினாறரையில். கோடு கடைசிவரை சமமாக ஓடியிருந்தது.

“மைக்ல ஏதோ கோளாறு. இல்லாத சத்தத்தக் காட்டுது.”

மைக்கை மாற்றினார். ஒயரை மாற்றினார். மெத்தைகளை இடம் மாற்றினார். பதினாறரை மாறவில்லை.

அரங்குகளுக்கு ஸ்பீக்கர் அமைப்பது அவர் தொழில். அவர் காதை நம்பித்தான் கூப்பிடுகிறார்கள். வரும் சனிக்கிழமை நாடக அரங்கின் மேலாளர் வீட்டுக்கே வந்து, பக்கத்தில் உட்கார்ந்து, கூடவே விரல் தூக்கிப் பார்க்கப்போகிறார். “அவரா கேட்டாரு. நானும் வாங்கன்னுட்டேன்,” என்று சொல்லும்போது காதுமடலைக் கசக்கிக்கொண்டே இருந்தார்.

நேற்று மாலை மூன்று முறை அளந்தும் அதே எண்.

“சார், உங்க வாட்ச் சரியா ஓடுதா?”

“அது ஒண்ணுதான் பாக்கி,” என்றார் மனைவி. “அதையும் மாத்திடுங்க.”

மெத்தைகளை மறுபடி நகர்த்தி அளந்த நான்காம் முறை, இரண்டு விரல்களும் பதினெட்டரையில் இறங்கின. ஒரே எண்ணை அடுத்தடுத்து எழுதினேன்.

“பாத்தீங்களா? மெத்தைதான் காரணம்,” என்றார் அவர்.

ஒலி ஓடிய நேரமெல்லாம் அவர் கண் திரையில் இல்லை. மனைவியின் கையில் இருந்தது. மனைவியும் அதைப் பார்த்துவிட்டார். ஐந்தாம் முறைக்கு முன் எழுந்து, தன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, கணவர் தலையைத் திருப்பாமலே தெரியும்படி விரலை உயர்த்திக்கொண்டார்.