கரீம் சாரின் முந்நூறு சுற்றுகள்

கரன்ட் போனபோது மதியம் மணி இரண்டு. தீபத்தன்று திருவண்ணாமலையில் கரன்ட் போவது அதிசயமில்லை. தெருவெல்லாம் சீரியல் பல்பு போட்டு டிரான்ஸ்பார்மரைப் படுத்தி எடுப்பார்கள். ஊர்க்காரன் எனக்கு அது தெரியாதா? தெரியும். அதுதான் இன்னும் வலிக்கிறது.

எண்பதுகளின் நடுவில் செங்கம் ரோட்டில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் புரோகிராமராக இருந்தேன். கல்லூரியில் கணிதம் நடத்திய கரீம் சார் தன் பிஎச்.டி. ஆய்வுக்காக ஒரு கணக்கோடு வந்தார். இரும்புத் தகட்டில் வெப்பம் எப்படிப் பரவும் என்ற கணக்கு. ஒரு சுற்றில் வரும் விடைகளை வைத்து அடுத்த சுற்றைப் போட வேண்டும். அப்படி முந்நூறு சுற்று. பேசிக் என்ற கம்ப்யூட்டர் மொழியில் புரோகிராம் எழுதிக் கொடுத்தேன். ஆய்வேட்டைக் கொடுக்க தீபத்துக்கு மறுநாள்தான் கடைசி நாள். தீப லீவில் மெஷின் சும்மாதானே இருக்கிறது என்று காலை ஆறு மணிக்கே ஓடவிட்டோம்.

"ஒவ்வொரு சுத்துலயும் வர்றத தனியா எடுத்து வச்சிடுப்பா" என்றார்.

"எதுக்கு சார்? ஃபிளாப்பி டிஸ்க்குல எழுதினா டைம் ஜாஸ்தி ஆயிடும். கடைசி விடை வந்தா போதும்ல?"

பழைய விடையின் மேலேயே புதியதை எழுதும்படி விட்டிருந்தேன். அதைக் கெட்டிக்காரத்தனம் என்று நினைத்த வயது.

எட்டு மணி நேரம் ஓடியதெல்லாம் மெமரியில் மட்டும் இருந்தது. கரன்டோடு அதுவும் போனது. சார் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எத்தினியாவது சுத்து வரைக்கும் போச்சுனாவது தெரியுமாப்பா?"

தெரியவில்லை. அதைத் திரையில் காட்டும் வரியையும் வேகத்துக்காக எடுத்திருந்தேன்.

மறுநாள்தான் கரன்ட் வந்தது. தேதி தவறியது. ஏற்கெனவே இரண்டு முறை அவகாசம் கொடுத்திருந்த பல்கலைக்கழகம் இம்முறை மறுத்துவிட்டது. ஏழு வருட உழைப்பு மண்ணாய்ப் போனது.

ஒரு மாதம் கழித்து, ஒவ்வொரு சுற்றையும் ஃபிளாப்பியில் சேர்த்துவைக்கும்படி புரோகிராமைத் திருத்தி, அவர் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அவர் ஒரு நீள நோட்டில் கையாலேயே கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். பதினோராவது சுற்று.

"மெஷின்ல போட்டுடலாம் சார். இப்ப நடுவுல நின்னாலும் விட்ட எடத்துலேர்ந்து ஓடும்."

"வேணாம்பா."

"தேதிதான் போயிடுச்சே சார். இனிமே எதுக்குக் கஷ்டப்பட்டுக் கையால?"

"விடை என்னானு எனக்குத் தெரிய வேணாமா? நீ டீ குடிச்சிட்டுப் போ."

கோபமே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அடுத்த வருடம் அவர் காலமானார். நோட்டு நாற்பத்து மூன்றாவது சுற்றில் நின்றிருந்தது. அந்த நாற்பத்து மூன்று சுற்றின் விடைகளும் அதில் வரிசையாக இருந்தன. நான் ஓட்டிய எட்டு மணி நேரத்தில் வந்த விடைகளில் ஒன்றுகூட எங்கும் இல்லை. புரோகிராம் எழுத வருகிறவர்களே, நடுவில் வரும் விடையை எடுத்து வையுங்கள். கடைசி விடை எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.