மகேந்திரனின் குயில் எலும்பு

நவமணிக்கு மருத்துவச் சொற்களின் மேல் பித்துப் பிடித்தது ஒரு சண்டையில்தான். அப்போது அவள் ஜெலாப்பாங்கில் ஒரு பிஸ்கட் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தாள். திடீரென்று உடம்பெல்லாம் அரிப்பு. ஈப்போவில் டாக்டர் லக்ஷ்மிப்ரியாவின் கிளினிக்குக்குப் போனாள். டாக்டர் எல்லாச் சோதனையும் செய்து பார்த்துவிட்டு, “இது இடியோபதிக் அக்கா” என்றார்.

நவமணி நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டாள்.

“நான் மூணாம் பாரத்தோட பள்ளிக்கூடத்த விட்டு நின்னவதான். அதுக்காக இடியட்டுன்னு சொல்லுவீங்களா?”

வெளியே காத்திருந்த பதினேழு பேரும் அதைக் கேட்டார்கள். வாசலில் காருக்குள் உட்கார்ந்திருந்த ஒருவர் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காது கொடுத்தாராம்.

“ஐயோ, திட்டல அக்கா! அது கிரேக்க வார்த்தை. இடியோஸ்னா சொந்தம், பாதோஸ்னா நோவு. தானாவே வந்த நோவுன்னு அர்த்தம்.”

“தானா எப்படி வரும்? காரணம் வேணுமில்ல?”

டாக்டர் மேசையைப் பார்த்துக்கொண்டு, “காரணம் தெரியலன்னாதான் அப்படி எழுதுவோம்” என்றார்.

நவமணி கொஞ்சம் யோசித்தாள். “அப்ப, தெரியலங்கிறதுக்கா இத்தனை பெரிய பேரு?”

டாக்டர் சிரித்த சிரிப்பில் கழுத்திலிருந்த ஸ்டெதஸ்கோப் நழுவித் தரையில் விழுந்தது. அடுத்த மாதம் கிளினிக்கில் கவுண்டர் வேலை காலியானபோது அவரே போன் செய்து நவமணியைக் கூப்பிட்டார். நோயாளிகளைப் பேர் சொல்லிக் கூப்பிட மைக் வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவருக்கு அந்தக் கவலையும் அன்றோடு விட்டது.

அரிப்பு எப்படி வந்ததோ அப்படியே போய்விட்டது. சொல் பித்து மட்டும் போகவில்லை. டாக்டர் எழுதும் ஒவ்வொரு பெயருக்கும் பூர்வீகம் கேட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டாள் நவமணி. அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்தாளா என்றால் அதுவும் இல்லை. கண்புரைக்கு வந்த ஒரு பெரியவரிடம், “கேட்டராக்ட்னா அருவின்னு அர்த்தம் ஐயா, உங்க கண்ணுல அருவி விழுது” என்றாள். அவர் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தார். மசில் என்றால் லத்தீனில் சின்ன எலி என்று கேள்விப்பட்ட லாரி டிரைவர் ஒருவர், இரண்டு நாள் கையை மடக்கவே பயந்தார். “சொல்லுங்க அக்கா, ஆனா மருந்து வாங்கினப்புறம் சொல்லுங்க” என்று டாக்டர் கெஞ்சிக் கேட்டுக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் அவள் கணவன் மகேந்திரன் விழுந்தான். தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன், ஆள் கொஞ்சம் கனம். கேண்டீனில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, தான் நாலு கிலோ இளைத்துவிட்டதாக நண்பர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தான். நாற்காலி அதை நம்பவில்லை. நாலு காலையும் நாலு திசைக்கு விரித்தது. எக்ஸ்ரேயில் பார்த்தால், முதுகுத்தண்டு முடிகிற இடத்தில் வால் மாதிரி இருக்கும் சின்ன எலும்பில் கீறல்.

மகேந்திரன் வீட்டுக்கு வந்து குப்புறப் படுத்துக்கொண்டு போட்ட முதல் உத்தரவு: “எங்க அடின்னு யாருகிட்டயும் சொல்லிறாத. மானம் போயிரும்.”

“கேட்டா என்னங்க சொல்றது?”

“கௌரவமா ஏதாச்சும் சொல்லு லா!”

நவமணிக்கு அது போதாதா! அந்த எலும்புக்குக் காக்சிக்ஸ் என்று பெயர். கிரேக்கத்தில் குயிலின் பெயர் அது. எலும்பு குயிலின் அலகு மாதிரி வளைந்திருப்பதால் வைத்தார்கள். அவள் குடும்ப வாட்ஸாப் குழுவில் இப்படிப் போட்டாள்: “அவருக்கு உட்காரும்போது குயிலில் அடி. ஆறு வாரம் ரெஸ்ட்.”

செய்தி ஈப்போவில் கிளம்பி பத்து காஜா என்ற ஊர் வழியாகத் தெலுக் இந்தான் போய்ச் சேர்வதற்குள், மகேந்திரன் ஒரு குயிலின் மேல் உட்கார்ந்து அதைக் கொன்றேவிட்டான்.

சனிக்கிழமை காலை முதலில் வந்தவர் பக்கத்து வீட்டுச் சீனர் ஆ லியோங். இரண்டு கையிலும் பப்பாளி. “தெரிமா காசே, மாஹேன்!” என்று நன்றி சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். அவர் வீட்டு மாமரத்தில் ஒரு குயில் விடியற்காலை ஐந்து மணிக்கே கத்தத் தொடங்கிவிடும். மூன்று வருடமாக அவருக்குத் தூக்கம் இல்லை. தாமான் குடியிருப்பு முழுக்கப் பேச்சாக இருக்கிறதே, அந்தக் குயிலின் கதையை முடித்தது நீதானாமே என்று மலாயில் கேட்டுவிட்டு, குப்புறக் கிடந்தவனின் தோளைத் தட்டிக் கொடுத்தார். மகேந்திரன் ஒன்றும் புரியாமல் தலையணைக்குள் முனகினான்.

பப்பாளியை வைக்க இடம் தேடுவதற்குள் மகேந்திரனின் சித்தி செல்லாயி தெலுக் இந்தானிலிருந்து வந்து இறங்கினார். கையில் பூமாலை, தேங்காய்.

“பாவி! பாடுற பறவைடா அது! அது மேல போய் உட்காருவியா? நாளைக்கே கோயில்ல பரிகாரம் பண்ணணும். ஒரு மண்டலத்துக்கு மொட்டையோட இருக்கணும்!”

“மொட்டையா?” என்று மகேந்திரன் தலையைத் தூக்கினான். நாற்பத்தாறு வயதிலும் கொட்டாமல் இருக்கும் முடி அது.

“சித்தி, அது குயில் இல்ல, எலும்பு” என்றாள் நவமணி.

“எலும்பு மட்டும்தான் மிஞ்சிச்சா!” என்று செல்லாயி தலையில் கை வைத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து மாமரத்திலிருந்து குயில் கூவியது. ஆ லியோங்கின் முகம் தொங்கிப்போயிற்று. செல்லாயியோ, “ஐயய்யோ, ஜோடி தேடி அழுவுது!” என்று கண்ணைக் கசக்கினார். நவமணி நோட்டை எடுத்துக் கிரேக்க வைத்தியர்களைப் பற்றித் தொடங்கினாள். யாரும் கேட்கிற நிலையில் இல்லை. வாசலில் இன்னும் நாலு பேர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

மகேந்திரனால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. கையை ஊன்றி எழுந்து, தாமானே கேட்கிற மாதிரிக் கத்தினான்.

“குயிலும் இல்ல, மயிலும் இல்ல! நாற்காலி உடைஞ்சு விழுந்தேன்! எனக்குக் குண்டி எலும்பு போச்சு! போதுமா!”

ஆ லியோங்குக்குத் தமிழ் தெரியாது. ஆனால் மகேந்திரன் கை காட்டிய இடம் புரிந்தது. பப்பாளியைத் திருப்பி எடுத்துக்கொள்ளலாமா என்று ஒரு கணம் பார்த்துவிட்டு, பெருந்தன்மையாக விட்டுப் போனார். செல்லாயிதான் முதலில் சிரித்தார். பிறகு வாசலில் நின்றவர்கள். கடைசியில் மகேந்திரனும் சிரிக்கப் போய், “ஆ, ஆ, வலிக்குது லா” என்று மறுபடியும் குப்புற விழுந்தான்.

ஆறு வாரத்தில் எலும்பு கூடிவிட்டது. அதற்குப் பிறகும் கொஞ்ச நாள் நடுவில் ஓட்டை வைத்த மெத்தையில் உட்கார்ந்தான். மறைக்க ஒன்றும் மிச்சமில்லாததால் அதைக் கேண்டீனுக்கே எடுத்துப் போனான். நவமணியும் ஒரு பாடம் கற்றாள். இப்போதெல்லாம் எந்த நோய்க்கும் முதலில் எங்கே வலி என்பதைச் சாதாரணத் தமிழில் சொல்லிவிட்டு, அப்புறம்தான் கிரேக்கத்துக்குப் போவாள்.

செல்லாயி அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறுமுன், முழங்காலைத் தடவிக்கொண்டே மெல்லக் கேட்டார்: “எனக்கு இந்தச் சில்லுலதான் நோவு. இதுக்கு என்னாடி பேரு?”

“பட்டெல்லா சித்தி. லத்தீன்ல சின்னத் தட்டுன்னு அர்த்தம்.”

“தட்டா!” செல்லாயி இரண்டு முழங்காலையும் மாறி மாறிப் பார்த்தார். “நான் பாட்டுக்கு வெறும் எலும்புன்னுல்ல நெனச்சிட்டு இருந்தேன்.”

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும், பக்கத்து இருக்கைப் பெண்மணியிடம் அவர் தன் முழங்காலைக் காட்டி ஏதோ விளக்கத் தொடங்கியதை நவமணி கீழே நின்று பார்த்தாள்.