வாய்க்காவல்

"ஆ காட்டு கண்ணு... இன்னும் ஆ... இன்னாடி, ஆணி அடிச்சாப்ல மூடிக்கிறே?" என்று அதட்டிக்கொண்டே நாகபூஷணம் விரலில் சுற்றிய பஞ்சைப் பிழிகிறாள். சந்தேகம் தீராமல் மறுபடியும் பிழிகிறாள். பிறகுதான் பங்கஜத்தின் பல்லிடுக்கில் விரல் நுழைகிறது.

பங்கஜத்துக்கு இளம்பிள்ளை வாதம். கழுத்துக்குக் கீழே எல்லாம் ஒரு மரப்பெட்டிக்குள். தலை மட்டும் வெளியே. பெட்டியின் துருத்தி இழுக்கும்போது மார்பு விரிந்து, வாய் வழியே காற்று உள்ளே போகும். விழுங்கத் தொண்டைக்குத் திராணியில்லை. ஆகவே வாயில் எது கிடந்தாலும் காற்றோடு அதுவும் நுரையீரலுக்குப் பிரயாணப்பட்டுவிடும். இன்னொரு முறை நெஞ்சில் கபம் கட்டினால் பெட்டியாலும் காப்பாற்ற முடியாது என்று டாக்டர் கையை விரித்திருக்கிறார்.

இந்த மயிலாப்பூர் நர்ஸிங் ஹோமின் ஆயா நாகபூஷணத்துக்கு வீடு பட்டினப்பாக்கம். கிளிசரினும் எலுமிச்சைச் சாறும் கலந்து ஊரார் நாக்கையெல்லாம் துலக்குகிறவள், வராந்தாவுக்கு வந்தால் புகையிலையை அதக்கிக்கொள்வாள். நான் கேட்டதற்கு, "நான் இன்னா பொட்டிக்குள்ளயா படுத்துகினு கீறேன்?" என்றாள். பக்கத்து அறையில் கிடக்கும் என் மைத்துனரைப் பார்க்க மூக்குப்பொடி மட்டையோடு போகும் என்னையும் விடுவதில்லை. "இன்னா நைனா, பொடியா? இங்க வந்து தும்மினே, உன்னியும் தூக்கிப் பொட்டில போட்டுடுவேன்!" அன்று முதல் நான் மூக்கைப் பிடித்துக்கொண்டே அந்த வாசலைக் கடக்கிறேன்.

நாகபூஷணத்தைப் படுத்துவது வியாதியல்ல, பங்கஜத்தின் உறவினர்கள். அத்தை ஸ்பூனில் காபி கொண்டுவருகிறாள். சித்தப்பா கற்கண்டைத் திணிக்கிறார். யாரோ நாக்கில் விபூதி தடவிவிட்டு நல்லபிள்ளையாகப் போகிறார்கள். எல்லாவற்றையும் நாகபூஷணம் தோண்டி எடுக்கிறாள். "இது வாயா, உண்டியலா? வர்றவன் போறவன்லாம் போட்டுகினு போறான்!"

நேற்று பங்கஜத்தின் தகப்பனார் சாம்பசிவ குருக்கள் பூஜையை முடித்துக்கொண்டு நேரே வந்தார். கையில் செம்பு, தீர்த்தம் வார்க்கும் உத்தரணிக் கரண்டி.

"அபிஷேக தீர்த்தம்டீ. ஒரே ஒரு உத்தரணி. குழந்தை நாக்கு நனையட்டும்."

"வோணாம் சாமி. பொட்டி காத்தை இஸ்க்கசொல்ல தண்ணியும் நெஞ்சுக்குப் பூடும்."

"நெஞ்சுக்குப் போகட்டுமே! அதுக்குத்தானே கொண்டுண்டு வந்திருக்கேன்?"

இப்படிப்பட்ட மனிதரோடு யார் வாதாடுவது? உத்தரணி பங்கஜத்தின் உதட்டுக்கு மேலே வந்துவிட்டது. கையைப் பிடித்து இழுத்தால் தீர்த்தம் வாயிலேயே சிந்தும். பங்கஜம் கண்ணை அகல விரித்தாள். வாசலைக் கடக்க வந்த நான் மூக்கைப் பிடித்தபடி அங்கேயே நின்றுவிட்டேன்.

நாகபூஷணம் இழுக்கவில்லை. வலது கையைக் குழித்து, இடது கையை அடியில் கொடுத்து, உத்தரணிக்கும் உதட்டுக்கும் நடுவே நீட்டினாள்.

சந்நிதி வாசலில் ஏந்தின கைக்கெல்லாம் வார்த்துப் பழகிய கை அது. குருக்களை ஒரு வார்த்தை கேட்கவில்லை, தானாகச் சாய்ந்தது. நாகபூஷணம் சத்தமாக உறிஞ்சினாள். மிச்ச ஈரத்தைத் தலையில் தடவிக்கொண்டாள்.

குருக்கள் திருதிருவென்று விழித்தார். மறுபடியும் முகந்தார், மகளை நோக்கிக் குனிந்தார். மறுபடியும் அந்தக் குழிந்த கை குறுக்கே வந்தது. மறுபடியும் உத்தரணி சாய்ந்தது.

"நல்லா ஊத்து சாமி," என்றாள் நாகபூஷணம், எரிச்சலோடு.

செம்பில் இன்னும் பாதி இருந்தது. அவள் கையை எடுக்கவில்லை.