ஒத்திகையில் இல்லாத கேள்வி

வக்கீல் சரசு கறுப்புக் கோட்டைக் கழற்றி நாற்காலி முதுகில் மாட்டினால் நாடகம் ஆரம்பம் என்று அர்த்தம். அதற்கப்புறம் அவர் வக்கீல் இல்லை. எதிரே உட்கார்ந்திருப்பவரின் பெண்டாட்டி, அல்லது புருஷன், சில நாளில் மாமியார். தொம்மலூரில் ஒரு பேக்கரிக்கு மேலே இருக்கிறது ஆபீஸ். கீழேயிருந்து காரா பன் வாசனை ஏறி வர, மேலே சரசு யார் வீட்டுச் சண்டையையோ தனியாளாகப் போட்டுக்கொண்டிருப்பார். பேக்கரிக்காரருக்கு முதலில் பயமாக இருந்தது. இப்போது சத்தம் கூடினால் டீ கொடுத்தனுப்பிவிடுகிறார்.

சரசு பிறந்து வளர்ந்ததும் இதே தொம்மலூர்தான். தெருவில் யார் போனாலும் அதே நடை நடந்து காட்டுவார், யார் பேசினாலும் அதே குரலில் திருப்பிப் பேசுவார். அதற்காக அம்மாவிடம் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. சட்டம் படித்துக் கோர்ட்டுக்குப் போன பிறகு அந்த வித்தைக்கு வேலையில்லாமல் போயிற்று. அங்கே நன்றாகவே சண்டை போட்டார். ஒரு தகப்பனுக்காக வருஷக்கணக்கில் நடையாய் நடந்து, பிள்ளையைப் பார்க்கும் உரிமையை வாங்கியும் கொடுத்தார். ஆர்டர் கைக்கு வந்தபோது பையனுக்கு மீசை அரும்பியிருந்தது. அப்பாவைப் பார்த்து, “ஹலோ அங்கிள்” என்றான். ஜெயித்த கேஸ் என்று எல்லோரும் கை குலுக்கினார்கள். ஆட்டோவில் வீடு வந்து சேரும்வரை சரசுவுக்கு அழுகை நிற்கவில்லை.

அன்றிலிருந்து குடும்ப வழக்கு எது வந்தாலும் முதலில் மத்தியஸ்தர் முன்னால் பேசித் தீர்க்கும் மீடியேஷன்தான். ஆனால் ஆட்களைச் சும்மா அனுப்பி வைத்தால், வீட்டில் விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்கிறார்கள். அவர்களைத் தயார் செய்து அனுப்ப வேண்டும். அப்போதுதான் அம்மா அடித்தும் போகாத அந்த வித்தை கைகொடுத்தது.

பொம்மனஹள்ளியிலிருந்து ரகு வந்தது போன மழைக்காலத்தில். ஐ.டி. கம்பெனிகளுக்கு ராத்திரியில் கேப் ஓட்டுகிறவன். மனைவி ரக்ஷிதா கன்னடக்காரி, பியூட்டி பார்லரில் வேலை. இருவரும் பிரிவதென்று முடிவாகி, அவள் சந்தாபுராவுக்குப் போய்விட்டாள். மகள் இளவேனில் அவளோடு. சனிக்கிழமை மகளைக் கூட்டிவந்து, திங்கட்கிழமை காலை தானே பள்ளியில் விட வேண்டும், ரகு கேட்டது அவ்வளவுதான். ரக்ஷிதாவோ பார்லரில் வந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டுப் போ என்றாள். முதல் மீடியேஷனில் அவள் எதையோ கேட்க, பதில் தெரியாத ரகு நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிட்டான். ரகுவிடம் இருந்த ஒரே கெட்ட பழக்கம் அதுதான். பதில் இல்லையென்றால் கோபம் வந்துவிடும். இன்னொரு தடவை அப்படி எழுந்தால் வழக்கு கோர்ட்டுக்குத் திரும்பிவிடும்.

கோட்டு நாற்காலிக்குப் போயிற்று. சரசு ரக்ஷிதா ஆனார்.

“நைட்டெல்லாம் வண்டி ஓட்டுற. புள்ளய யார் பாத்துப்பா?”

“நீ வாய மூடு!”

“போதும், நிறுத்துங்க. இப்டி அங்க பேசினீங்கன்னா இளாவ எப்ப பாப்பீங்க? இப்ப அவளுக்கு ஆறு வயசு. கோர்ட்டுல நீங்க ஜெயிக்கறதுக்குள்ள அவளுக்குக் கல்யாணமே ஆயிடும்.”

ரகு தலையைக் குனிந்துகொண்டான். மறுநாளே போய், சனி ஞாயிறு ராத்திரி வண்டி எடுக்க முடியாது என்று டிராவல்ஸில் சொல்லிவிட்டு வந்தான். சாப்பாட்டுக்கு என்ன செய்வாய் என்று ரக்ஷிதாவாகச் சரசு எகிறினார். இட்லி ஊற்றப் பழகினான். வாரா வாரம் ஒத்திகை நடந்தது. கடைசியில் சரசு எவ்வளவு கத்தினாலும் அவன் பொறுமையாகப் பதில் சொன்னான்.

ஒன்றே ஒன்றுதான் பாக்கி. வருகிறவர்கள் ஒரு தடவையாவது எதிர் நாற்காலியில் உட்கார்ந்து அந்தப் பக்கத்து ஆளாகப் பேச வேண்டும், அது சரசுவின் சட்டம். ரகு மாட்டவே மாட்டேன் என்றான்.

“போங்க மேடம், நான் போயி அவளாட்டம் பேசறதா? நம்ம பசங்க பாத்தா சிரிப்பாங்க.”

போகட்டும் என்று சரசு விட்டுவிட்டார். கோட்டை விட்டது அங்கேதான். அவர் நடித்ததெல்லாம் ரகு சொன்ன ரக்ஷிதாவை.

இரண்டாவது மீடியேஷனுக்கு வந்த ரக்ஷிதா கத்தவே இல்லை. தன் வக்கீலின் பக்கத்தில் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அமைதியாக உட்கார்ந்திருந்தாள். மத்தியஸ்தர் சேஷகிரி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ரகு தன் முறைக்காகக் காத்திருந்தான். சண்டை வரவில்லை. தயார் செய்த பதில்களை எங்கே கொண்டுபோய் வைப்பது?

“ரக்ஷிதா,” என்றான் கடைசியில். “நைட்ல புள்ளய யார் பாத்துப்பான்னு கேளேன்.”

“ஏனு? எதுக்கு?”

“சும்னே கேளு. நான் பதில் வெச்சிருக்கேன்.”

மேசைக்கடியில் போய் ஒளிந்துகொள்ளலாமா என்றிருந்தது சரசுவுக்கு. சேஷகிரி இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டார். ரக்ஷிதா ரகுவைப் பார்த்தாள். அடக்க முடியாமல் சிரித்துவிட்டாள்.

“ஆய்த்து, கேட்டுட்டேன். யார் பாத்துப்பா?”

“நாந்தான். சனி ஞாயிறு நைட் டியூட்டிய விட்டுட்டேன்.”

அவள் சிரிப்பு நின்றது. “நெஜமாவா?”

“நெஜமா. அடுத்து நீ சாப்பாடு கேக்கணும்.”

சாப்பாட்டையும் கேட்டாள். இட்லி என்றான். தேர்வில் தெரிந்த கேள்வியைப் பார்த்த பிள்ளையின் சந்தோஷம் அவன் முகத்தில். அப்புறம் ரக்ஷிதா, சரசுவின் நாடகத்தில் இல்லாத ஒன்றைக் கேட்டாள்.

“திங்கக்கெழமை ஸ்கூலுக்கு ரெட்ட ஜடை போடணும். ரிப்பன் வெச்சு மடிச்சுக் கட்டணும், இல்லன்னா மிஸ் வெளிய நிக்க வெப்பாங்க. யார் போடுவா?”

ரகுவின் காது சிவப்பதைச் சரசு பார்த்தார். அவன் கை நாற்காலிப் பிடிக்குப் போயிற்று. நாற்காலி நகர்ந்தது. போச்சு, எல்லாம் போச்சு என்று சரசு கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது ரகு நாற்காலியை மேசைக்கு இன்னும் கிட்டே இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தான்.

“தெரியாது,” என்றான். “சொல்லிக்குடு.”

ரக்ஷிதா சுற்றுமுற்றும் பார்த்தாள். பின்னிக் காட்ட ஒன்றுமில்லை. சரசு தன் கேஸ் கட்டைப் பிரித்து அதன் நாடாவை உருவிக் கொடுத்தார். எதிர்த்தரப்பு வக்கீலும் தன் கட்டை அவிழ்த்தார். மூன்றாவது நாடாவைச் சேஷகிரியே கொடுத்தார். முனைகளைச் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும் வேலையும் அவருக்கே வந்தது. ஸ்டீயரிங் பிடித்துக் காய்த்த விரல்கள் மாட்டிக்கொண்டு முழிக்க, ரக்ஷிதா, “இழுக்கபேடா, மெதுவா, புள்ளைக்கு வலிக்கும்” என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். இரண்டு பேரும் மறுபடி ஒரே வீட்டில் வாழப்போவதில்லை. ஆனால் சனிக்கிழமை முதல் திங்கட்கிழமை காலை வரை இளவேனில் அப்பாவோடு என்று மத்தியானத்துக்குள் கையெழுத்தாகிவிட்டது.

முதல் திங்கட்கிழமை, கீழே வாங்கிய காரா பன்னோடு ரகு ஆபீசுக்குப் படியேறி வந்தான்.

“ஜடை எப்டி வந்துச்சு?” என்று கேட்டார் சரசு.

“அத ஏன் கேக்கறீங்க மேடம். ஒண்ணு காதுமேல, ஒண்ணு கழுத்துல. ஸ்கூல் கேட்டுல பாத்தா ரக்ஷிதா நிக்கறா. எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. ஹேண்ட்பேக்கத் தொறந்து சீப்ப எடுத்துட்டா.”

“அவிழ்த்துப் பின்னிட்டாளா?”

ரகு காரா பன்னை மேசையில் வைத்தான். ஊரார் தலையையெல்லாம் அழகாக வாரிவிடுகிறவள் ரக்ஷிதா.

“இளா ‘அப்பா போட்டாரு’ன்னு ஆட்டி ஆட்டிக் காட்டுனா மேடம். ரக்ஷிதா கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா. அப்பறம் சீப்ப பேக்குக்குள்ளயே போட்டுட்டு, ‘சென்னாகிதே, நல்லாருக்கு, ஓடு, பெல் அடிக்கப்போகுது’ன்னு அனுப்பிட்டா.”